பற்று

குளிசை தொடங்கி மூன்றாம் மாதம்
தேத்தண்ணிக் கோப்பையை
ஒரு சொட்டும் சிந்தாமல்
குசினியிலிருந்து கொண்டுவந்து தந்தீர்கள்.
நான் அழுதேன்.
ஆவி கண்ணில் பட்டது என்றேன்.

அதே கைதான்.

வென்ட்வேர்த்வில்லில்
மணிக்கூடு இல்லாத சுவர்களுக்கு நடுவே
தங்க எருமைகள் ஓடும் ஒரு மெஷினின் முன்னால்
நிமிடத்துக்குப் பதினைந்து தரம்
பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது,
ஒருமுறைகூட நடுங்காமல்.

முப்பத்தொரு வருடம் கணக்கெழுதிய மனிசன்.
பற்றுச்சீட்டில் நாற்பது சதம் பிழையென்று
மழைக்குள்ளால் கடைக்குத் திரும்பி நடந்த மனிசன்.
கலியாண வீட்டில் கடதாசிக் கூட்டம் கூடினால்
செருப்பைத் தேடுவீர்கள்.

சட்டைப் பைகளில்
சலவையில் கூழாகிப்போன ஏ.டி.எம். துண்டுகள்.
வேறொருத்தி என்றுதான் நினைத்தேன்.
கொலரை மணந்து பார்த்தேன்:
பழைய கம்பளம், யாரோ ஊதிய சிகரெட்.
ஒரு பெண்ணின் வாசனையாக இருந்திருக்கலாம் என்று
பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன்.
அவளோடு சண்டை பிடித்திருப்பேன்.

பதினொரு மாதம்.
எண்பத்து நாலாயிரம் டொலர்.
ஆரபி வீடு வாங்க வைத்திருந்ததும் அதற்குள்.

வெஸ்ட்மீடில் அந்தச் சின்ன வயது டொக்டர்
மலச்சிக்கலைக் கேட்பதுபோலவே கேட்டாள்:
சூது உண்டா?
தேவையில்லாத சாமான் வாங்குவதுண்டா?
இரவில் எழும்பிச் சாப்பிடுவதுண்டா?
எனக்காக ஃபோனில் மொழிபெயர்த்தவள்
அடுத்த கேள்வியில் கொஞ்சம் நின்றாள்.
தொண்டையைச் செருமினாள்.
"அம்மா, கட்டிலில்... ஏதும் மாற்றம்?"

நான் இல்லையென்றேன்.
நீங்கள் நிலத்தைப் பார்த்தீர்கள்.

பெட்டிக்குள் இருந்ததாம் எல்லாம்.
எட்டாக மடித்த தாளில், எறும்பு எழுத்தில்,
வாய் உலர்வதற்கும் கால் வீங்குவதற்கும் இடையில்
ஒரு வரி.

குறைத்தார்கள். பிறகு நிறுத்தினார்கள்.
சில கிழமைகளில் எருமைகள் போய்விட்டன.
பின்னேரங்களில் கார்த் திறப்பைத் தேடுவதில்லை.
கை திரும்பி வந்தது,
விட்ட இடத்திலிருந்து நடுங்கிக்கொண்டு.

மருந்துதானே அப்பா என்றாள் ஆரபி.
நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.
"குளிசையோ கார் ஓடினது?
நான் ஓடினனான்.
சிக்னலில நிண்டு, பாத்து, திருப்பினனான்."

பாங்க் கணக்கை என் பெயருக்கு மாற்றப் போனோம்.
கையெழுத்து பொருந்தவில்லை என்று
இரண்டு தரம் திருப்பினாள் கவுண்டர்ப் பிள்ளை.
காசு போன நாளெல்லாம்
பொருந்தித்தான் இருந்தது.

சரி.
கணக்குத் தெரிந்தவர் நீங்கள், ஒன்று கேட்கிறேன்.
டொக்டரிடம் சொல்லாத ஒன்று.

ஐந்தாறு வருடமாய்ச் சுவர்ப்பக்கம் படுத்த நீங்கள்
அந்த மாதங்களில்
என் பக்கம் திரும்பினீர்கள்.
அறுபத்துமூன்று வயதில், விளக்கணைக்கவும் பொறுக்காமல்.
வெட்கமாய் இருந்தது, பிறகு இல்லை.
ஒருநாள் என் காதுக்குள்
மங்களேஸ்வரி என்றீர்கள்,
ஏழெழுத்தும் குறையாமல்.
கலியாண எழுத்துக்குப் பிறகு
ஒருவரும் முழுதாய்ச் சொல்லாத பெயர்.

அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?
எண்பத்து நாலாயிரத்துக்குக் கீழேயா,
எதிரேயா?
குளிசைதான் கூப்பிட்டதென்றால்
எருமைகளை ஓட்டியதும் குளிசைதான்.
நீங்கள்தான் ஓட்டினீர்கள் என்றால்
கூப்பிட்டதும் நீங்கள்தான்.
இரண்டில் ஒன்றை எடுக்க எனக்கு வரவில்லை.
செலவெழுதும் பக்கத்துக்கும் ஆசைக்கும்
பற்று என்று ஒரே சொல்லை வைத்தவன்
யாரோ, இந்த வீட்டைப் பார்த்திருப்பான்.

இப்போது அரைக் கோப்பைதான் ஊற்றுகிறேன்.
முடிவெட்ட இருபது டொலர் எண்ணித் தருகிறேன்,
மிச்சத்தை மேசையில் வைத்துவிடுகிறீர்கள்
சில்லறையோடு, நான் கேளாமலே.

நேற்று இரவு மற்றக் குளிசைக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது.
இருட்டுக்குள் நான் விழித்துத்தான் கிடந்தேன்,
எதைச் சொல்வீர்கள் என்று.

"இஞ்சரும்" என்றீர்கள்.

எழும்பினேன்.