கணக்கில் வராத வாளி

பள்ளத்தூரில் எங்கள் புள்ளிக்கு
இரண்டு அறை, ஓர் அடுப்படி, பாதி வளவு.
மீதிப் பாதி பினாங்குப் பங்காளிகளுக்கு;
பூட்டின்மேல் பூட்டு.

லாரித் தண்ணீர் எண்ணூறு ரூபாய் ஆன அன்று
எழுதாத டைரி ஒன்றை எடுத்து
உச்சியில் சிவமயம் போட்டேன்.
இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று.
கூட்டுறவு வங்கியில் பகலெல்லாம் செய்வதை
ராத்திரி தண்ணீருக்குச் செய்தேன்.

அரிசி களைந்தது ஒன்றரைச் சொம்பு, கறிவேப்பிலைக்கு.
துணி அலசிய கடைசித் தண்ணீர்
ஆத்தங்குடித் தரைக்கு.
ஆர்.ஓ. மெஷின், குடிக்க ஒரு குடம் தந்துவிட்டு
இரண்டு குடம் துப்பியது.
எந்த அடகுக்கடையிலும்
இப்படியொரு வட்டி கேட்டதில்லை.
பிடித்துக் கொல்லை வாசலில் வைத்தேன்,
நீல வாளியில்.

அடைக்கலம் ஷவரில் நின்றால்
பாட்டு முடிந்தால்தான் வெளியே வருவார்.
பல்லவியோடு நிறுத்தச் சொன்னேன்.
இரண்டு நாள் பேசவில்லை. பாடவுமில்லை.

நான் மட்டும் ஒழுங்கா?
சந்தைக்குப் போனபிறகுதான்
பை வீட்டில் இருப்பது ஞாபகம் வரும்.
ஆளுக்கொரு நாள் மறந்து, வாங்கி,
இப்போது ஒன்பது மஞ்சப்பை.
பரோட்டாக் கடையில் தூக்குவாளி நீட்டினால்
மாஸ்டர் சிரித்துக்கொண்டே சால்னா ஊற்றி
தூக்குவாளியையே
பாலிதீன் கவரில் போட்டுத் தருகிறார்.

மாதக் கடைசி. ஐந்தொகை.
கணக்கு உதைத்தது.
நாளுக்கு ஒரு வாளி இடிக்கிறது.
ஓட்டை வாளியோ?
காக்கைக்கு அவ்வளவு தாகமோ?
பூட்டிய அறையிலிருந்து
பினாங்கு ஆவி வந்து குளிக்கிறதோ?

லீவு போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
ஒன்பதரைக்குத் தள்ளுவண்டியோடு முத்துராக்கு.
எங்கள் குப்பைக் கூடையைக் கவிழ்த்து
வெறுங்கையால் கிளறினாள்.
சோறு ஒரு பக்கம், கவர் ஒரு பக்கம்.
சட்டென்று விரலை உதறினாள்: பிளேடு.
பிறகு நீல வாளியருகே குந்தி
முழங்கை வரைக்கும் கழுவினாள்.
மோந்து பார்த்தாள். மறுபடி கழுவினாள்.
மோந்து பார்த்தாள்.

முதல் கழுவல் என் முந்தாநாள் மீன் குழம்புக்கு.
இரண்டாவது அவர் சவரத்துக்கு.
மூன்றாவது எதற்கென்று எழுத
என் பேனாவுக்குக் கூச்சம்.

அன்று ராத்திரி வலப்பக்கம் ஒரு வரி:
முத்துராக்கு, ஒரு வாளி.
அடிக்கோடு இட்டேன். போதவில்லை.

மறுநாள் முதல் கூடை இரண்டாயிற்று.
கூச்சப்படுவதைப் பழைய பேப்பரில் சுற்றி
சிவப்பு மையால் பெருக்கல் குறி.
பிளேடு, ஒரு பழைய பவுடர் டப்பாவுக்குள்.
தோலும் தொக்கும் உடைசல் பானைக்குள்
சருகோடு சருகாக;
முதல் வாரம் நாறியது, புழு வைத்தது,
அடைக்கலம் மூக்கைப் பொத்தினார்.
இன்னும் கொஞ்சம் சருகு போட்டேன்.
வாளிக்குப் பக்கத்தில் ஒரு சோப்பு.

அவள் வந்தாள். கூடைகளைப் பார்த்தாள்.
ஜன்னலையும் ஒருமுறை பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
ஒரே கழுவலில் எழுந்து போய்விட்டாள்.

மறுபடி கணக்கு உதைக்கிறது.
இந்தத் தடவை அரை வாளி மிச்சம்.
வரவா, பற்றா?
பேனாவை மூடினேன்.
குளியலறையில் அடைக்கலம்
இரண்டாம் சரணத்தை ஆரம்பித்திருந்தார்.