பென்சில் கோடு

இரவு ஒன்பதரை. வெளிச்சம் இன்னும் போனபாடில்லை.
சமையலறை மேசையில் பாதி பிரான்ஸ் விரிந்து கிடக்கிறது.
ஒரு முனையில் உப்புக்குடுவை, மறுமுனையில் செர்ரிக் கிண்ணம்,
இரண்டும் சேர்ந்து அதைச் சுருளவிடாமல் பிடித்திருக்கின்றன.

ஆகஸ்டின் முதல் சனி மட்டும் வேண்டாம் என்றேன்.
சாலை நெரிசல் அட்டவணையில் அந்த நாளைக்குக் கறுப்பு நிறம்.
எனக்குத் தெரியாதா,
பழுதான கார்களை இழுக்கும் வண்டியில்தான்
பதினாறு கோடைகள் போயிருக்கின்றன.
கொதிக்கும் இன்ஜின்,
பேசுவதை நிறுத்திவிட்ட கணவன் மனைவி,
மடியில் ரப்பர் வாத்தோடு ஒரு சிறுமி
என் இரும்புக் கொக்கியைப் பார்த்துக் கேட்கிறாள்:
"கடல் இதற்குப் பிறகா?"

அதனால் செவ்வாய் கிளம்புகிறோம்.
விரைவுச்சாலை இல்லை, சுங்கம் இல்லை,
வரைபடத்தில் மஞ்சளும் வெள்ளையுமாய்க்
கிடக்கும் சின்னச் சாலைகள்.
பூர்ஷிலிருந்து லுவார் ஆற்றுக்கு,
ஆற்றின் கூடவே சோமூர் வரை,
சூரியகாந்திகள் எல்லாம் ஒரே பக்கம் முகம் திருப்பி
நம்மைக் கண்டுகொள்ளாமல் நிற்கும் வயல்கள் வழியாக.

அன்செல்முக்கு வளைவுகள் ஒத்துக்கொள்ளாது.
அவனுக்கொரு பிளாஸ்டிக் வாளி,
வாளியில் என் பெயரை எழுது என்கிறான் பெருமையாக.
முகாமில் கூடார இடம் போதும்,
மரவீட்டுக்கு ஜூலை பாதிக்குப் பிறகு இரட்டை விலை.
கார் ஏசி? அதைப் பற்றி
யாரும் பேசவில்லை.

மரிவோன்தான் கோடு வரைகிறாள்.
அவள் கை திடமானது, பல் மருத்துவமனையில் வேலை.
லவால், ஃபூஜேர்,
பிறகு விரிகுடா, சேற்றின் நடுவே எழும் மடாலயம்,
அங்கிருந்து சேன்-மாலோ,
அப்புறம் மேற்கே, கற்கள் ரோஜா நிறமாகும் வரை
கடலை விடாமல்.

ப்ளுவென் வாயில் செர்ரிக்கொட்டையோடு குனிந்தாள்.
பதினோரு வயது, எதையும் விரலால் தொட்டுத்தான் படிப்பாள்.
"கடலோரமாகவே போவோம் என்றீர்களே,
இங்கே மட்டும் ஏன் கோடு உள்ளே போகிறது?"

விரல் நின்ற இடம் கான்கால்.
கொட்டையை எடுத்து அந்தப் பெயரின் மேல் வைத்தாள்,
கோட்டுக்கு வெளியே, ஈரமாக.

ஃபிரிட்ஜ் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அங்கே அனிக் இருக்கிறாள், மரிவோனின் அக்கா.
தகப்பன் இறந்த மாதமே
அவருடைய தட்டைப்படகை, சிப்பிக்கூடைகளோடு,
கேட்காமல் விற்றுவிட்டவள்.
நாலு வருடம். நத்தாருக்கு வரும் அட்டையில்
கையெழுத்து மட்டும் இருக்கும்.
இதையெல்லாம் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?
"உள்வழி கொஞ்சம் சுருக்கம்" என்றேன்.
ப்ளுவென் அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்து
"ஆமாம், கொஞ்சம்தான்" என்றாள்.

மரிவோன் பென்சிலைக் காதில் செருகினாள்,
பிள்ளைகளைப் பல் துலக்கச் சொன்னாள்,
கொட்டையை எடுக்கவில்லை.

இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
அடுப்பு விளக்கின் மங்கலில் வரைபடம் அப்படியே.
கோடும் அப்படியே, உள்ளே ஒதுங்கி.
ஆனால் கொட்டை காய்ந்து விட்ட கறைக்குப் பக்கத்தில்
எறும்பு எழுத்தில், அவள் கையில்:
வியாழன். நீர் வற்றுவது 11.40.

அந்த ஊரில் பிறந்தவர்கள்
வழியைக் கேட்பதில்லை,
கடல் எப்போது விலகும் என்றுதான் பார்ப்பார்கள்.

கிண்ணத்தை மறுபடி அந்த மூலையில் வைத்தேன்,
காகிதம் சுருண்டுவிடக் கூடாது.
காலையில் பக்கத்து வீட்டு ஓபெனிடம்
கார்க்கூரைப் பெட்டியை இரவல் கேட்க வேண்டும்.
போன வருடம் சாவியைத் தொலைத்தது
நான்தான் என்பதை
அவர் மறந்திருந்தால் நல்லது.