நான்காம் பச்சை

எங்கள் வயலில் இலையைப் படிக்கும் முன்
இலையைத் துடைக்க வேண்டும்.
அனல்மின் நிலையத்துச் சாம்பல்
இரவில் இறங்கிப் பனியோடு ஒட்டிக்கிடக்கும்.
முந்தானை நுனியால் மேலே ஒரு தடவை,
அடியில் ஒரு தடவை.
அப்புறம்தான் பச்சை.

வேளாண் அலுவலகத்து அட்டையில் ஆறு பச்சை.
ஒன்று, பட்டினி கிடந்தது.
ஆறு, தின்று திமிர்த்து நாளைக்குச் சாயப்போவது.
என் நெல்லுக்கு நான்கு போதும்.
இலையை அட்டைமேல் கிடத்தி
வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்பேன்.
என் நிழலுக்குள் வந்தால்தான்
இலை பொய் சொல்லாது.
பத்து இலை.
ஆறு வெளுத்திருந்தால் உரம்.
ஐந்து என்றால் பேசாமல் கரையேறு.

மீஞ்சூருக்குக் கிழக்கே, ரயில் பாதைக்கும்
கன்டெய்னர் லாரிகள் தூங்கும் சாலைக்கும் நடுவில்
ஒன்றேகால் ஏக்கர், குத்தகை.
நட்டது மெஷின்.
ஓட்டி வந்த இம்மானுவேல்
பதினேழு நாள் நாற்றைப் பாய் பாயாகச் சுருட்டி ஏற்றி
போனில் யாரையோ திட்டிக்கொண்டே
மதியத்துக்குள் முடித்துவிட்டு டீசல் கணக்குக் கேட்டான்.
நூல் பிடித்த வரிசை.
மெஷின் திரும்பிய மூலைகளில் மட்டும் சொட்டை.
அங்கே என் கை.

முதல் பத்து நாள்
அந்த நாற்றுக்கு வயிறே கிடையாது.
அறுந்த வேர் புது வேர் விடும்வரை
கொட்டுவதெல்லாம் தண்ணீருக்கும் காற்றுக்கும்தான்.
பக்கத்து வயல் டில்லிபாபு
நட்ட மூன்றாம் நாளே ஒரு மூட்டையை வாரி இறைத்தார்.
அவர் வரப்பில் நின்றால் மூக்கு எரிந்தது.
அந்த வாடை எனக்குப் புதிதில்லை.
பதினோரு வருஷமாக
என் தலையணையில் இருக்கிறது.

அருளப்பன் மணலியில் மூட்டை ஏற்றுகிறவர்.
ஒரு ராத்திரிக்கு இருநூறு,
ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து கிலோ.
விடிந்து வந்து சட்டையைக் கழற்றினால்
தோளில் உப்பு பூத்திருக்கும்,
வேப்பெண்ணெய்க் கசப்போடு.
"இருநூறு மூட்டையை ஏத்திட்டு வரேன்.
நீ ஒரு மூட்டைக்கு நாள் பாக்குற" என்பார்.
நான் சோற்றைப் போடுவேன்.

இருபத்தோராம் நாள்.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியாயிற்று.
"மழ வந்தா நல்லா கரைச்சி உடும்" என்று
டில்லிபாபு இரண்டாவது மூட்டையோடு இறங்கினார்.
கரைக்கும். அதிலென்ன சந்தேகம்.

ஷிப்டு முடிந்து நேராக வயலுக்கு வந்த அருளப்பன்
எங்கள் மூட்டை வாயின் தையலை
ஒரே இழுப்பில் பிரித்தார்.
நான் அட்டையை எடுத்தேன்.
முதுகைக் காட்ட வெயில் இல்லை.
வானம் முழுக்க ஒரே நிழல்.

துடைத்தேன், வைத்தேன்.
துடைத்தேன், வைத்தேன்.
பத்தாவது இலை
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்று
இறங்கவும் மாட்டேன் என்றது,
ஏறவும் மாட்டேன் என்றது.

"என்னாச்சு?"
"அஞ்சு வெளுப்பு. நாலு சரி. ஒண்ணு தெரில."

லுங்கியில் கையைத் துடைத்துவிட்டு
இலையை வாங்கிப் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
முதல் தூறல் அட்டையில் விழுந்தது.
"இது பசி இல்ல" என்றார்.
"தூக்கம் இல்லாத மூஞ்சி."
மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டார்.

இரண்டு நாள் கொட்டியது.
டில்லிபாபுவின் உரம் வரப்பை உடைத்துக்கொண்டு
கால்வாய் வழியாக எண்ணூர்ப் பக்கம் போயிற்று,
நண்டுகளுக்கு.
கொஞ்சம் எங்கள் வயலிலும் ஒதுங்கியிருக்கும்.
அதற்கு நான் கணக்கு வைக்கவில்லை.

பிரித்த மூட்டை ஈரம் குடிக்கும்.
வீட்டில் தரையெல்லாம் ஓதம்.
அதனால் கட்டில் யூரியாவுக்கு,
பெஞ்சு பிள்ளைக்கு,
எங்களுக்கு அட்டைப்பெட்டி விரித்த தரை.

நடு ராத்திரி,
லோடு வரும் நேரத்துக்குப் பழகிய கண் திறந்து
அருளப்பன் எழுந்து உட்கார்ந்தார்.
கட்டிலைப் பார்த்தார்.
"இருநூத்தி ஒண்ணு" என்றார்.
திரும்பிப் படுத்துக்கொண்டார்.