படுத்தால் நூற்றுப்பத்து

முதலில் கொட்டாவி.
ஒன்றன்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு, பதினாலு.
பிறகு, இலைத் தராசின் முள்
இருபத்துமூன்றிலா முப்பத்திரண்டிலா என்று
கண் தடுமாறும் அந்த இடத்தில்
ஒரு ரம்பம், முழுக்க வெளிச்சத்தால் ஆனது,
ஓரத்திலிருந்து அறுத்துக்கொண்டே வரும்.

பந்தலூரில் அன்று மூன்றாம் நாள் மழை.
படங்கு கட்டிய இடுப்புகள் வரிசையில்.
விரல்நுனி பத்தும் ஐஸ்.
காதுக்குப் பின்னால் மட்டும் வியர்வை.
வலி இன்னும் வந்து சேரவில்லை.
பேரேட்டை எடுக்க எழுந்தேன்.

அப்புறம் சாக்கின் ஈர நெடி.
மேலே முகங்கள்.
தவமலர், தவமலர் என்று
வேறு யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மருதாயி அக்கா என் வயிற்றைப் பார்த்தாள்.
"நாள் தள்ளிப்போச்சாடி?"
வீட்டுக்காரர் திருப்பூர் போய்ப் பதினாலு மாசம்.
சூப்பர்வைசர் ஜோஸ் ஒன்றும் கேட்கவில்லை.
அவர் கேட்காதது
சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கக் கேட்டது.
ஒருத்தி மயங்கி விழ
எங்கள் பக்கம் காரணம் ஒன்றே ஒன்றுதான்.

கூடலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஷைனி
படுக்கவைத்து ஒரு தடவை
நிற்கவைத்து ஒரு தடவை
பிரஷர் பட்டையை இறுக்கினாள்.
படுத்தால் நூற்றுப்பத்து. நின்றால் எழுபத்தெட்டு.
நானும் எடை போடுகிறவள்,
முள் இறங்கினால் என்னவென்று எனக்குத் தெரியாதா.

நாம் சொல்லாமலே
இதயத்தையும் குடலையும் வியர்வையையும் மேய்க்கிற நரம்புகள் உண்டாம்.
ஒற்றைத் தலைவலி உள்ள சிலருக்கு
அதுவும் சேர்ந்து தடுமாறுமாம்.
எழுந்ததும் ரத்தம் காலிலேயே தங்கிவிடும்,
மூளைக்கு வரிசையில் கடைசி இடம்.
ஏன் டாக்டர் என்றேன்.
"முழுசாத் தெரியலைம்மா" என்றார்.
அப்போதுதான் அவர்மேல் நம்பிக்கை வந்தது.

சீட்டில்: தண்ணீர், நிறைய. உப்பு, கூட்டி.
ஊருக்கெல்லாம் உப்பைக் குறைக்கச் சொல்லும் காலத்தில்
என் மோருக்கு மட்டும் இன்னொரு சிட்டிகை.

இப்போது கொட்டாவி மூன்றைத் தாண்டினால்
பேனாவை மூடிவிட்டு
சாக்குகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து
முழங்காலுக்குள் தலையைக் கொடுத்துவிடுகிறேன்.
வரிசை மழையில் நிற்கும். முணுமுணுக்கும்.

நேற்று மருதாயி அக்கா கூடையை இறக்கிவிட்டுக் கேட்டாள்:
"எத்தனையாவதுடி?"
கொட்டாவியைத்தான்.
நாலு என்றேன், முழங்காலுக்குள்ளிருந்து.
அவளே குனிந்து முள்ளைப் படித்தாள்.
"இருபத்தாறு, எழுதிக்கோ."

இருபத்துநாலுதான் இருக்கும்.
பார்த்துக்கொள்ளலாம்,
எழுந்த பிறகு.
இரண்டு தவணையாக, மெதுவாக
எழுந்த பிறகு.