பதினெட்டாவது உதை

ஐந்தே முக்கால். ஜெலுத்தோங்கில் இன்னும் இருட்டு.
பதினேழாவது உதையில்
செருப்பு கழன்று சாக்கடையோரம் போய் விழுந்தது.

பிளக்கைக் கழற்றினேன்: காய்ந்து கிடந்தது.
எஞ்சின்மேல் சாய்த்து உதைத்தால்
நீலப்பொறி, குறையில்லை.
பெட்ரோல் நேற்றுதான், ஐந்து வெள்ளிக்கு.

மூன்றாம் மாடி ஜன்னலில் தவமலர்:
“பேட்டரியா இருக்கும்!”
உதைக்கிற வண்டிக்கு அது எதற்கு?

இருமுகிறது, இரண்டு மூச்சு ஓடுகிறது,
நிற்கிறது.
ஆறரைக்கு பாயான் லெப்பாஸில் கார்டு தட்டணும்.

சீட்டைத் தூக்கினேன்.
கிழிசல் வழி மழை இறங்குமென்று
டாங்கி மூடிக்கு
நான்தான் கட்டியிருந்தேன் பிளாஸ்டிக் பை,
இரண்டு ரப்பர் போட்டு, இறுக்கி.

பிய்த்து, மூடியைத் திருக
உஸ்ஸென்று உள்ளே போனது காற்று.

அடுத்த உதைக்கு
மொத்தப் பிளாக்கும் விழித்துக்கொண்டது.
“நான் சொன்னேன்ல,” என்றாள் தவமலர்,
“பேட்டரின்னு.”