பதினோராம் இலக்கத்தின் முதுகு

பொனிபஸின் முகம் எனக்கு
நெடுநாள் தெரியாது.
ஏழு வருடம் அவனை மறித்தவன் நான்,
அரியாலை அணி, வலது பின்வரிசை.
மறித்தவன் என்பது பேப்பர்காரர் சொல்.
நான் கண்டதெல்லாம்
நீல ஜேசியில் வெள்ளைத் துணி வெட்டித் தைத்த 11.
அதில் இரண்டாவது ஒன்று தையல் விட்டு
ஓடும்போது படபடக்கும்.
நான் எட்டுமுன்
அது கோணர்க் கொடியடியில் நிற்கும்.

பாசையூர்க் கரையில் தகப்பனோடு வலை இழுத்து
காலில் உப்புக் காயமுன்
பள்ளிக்கூட மைதானத்தில் ஆறு சுற்று.
நானூறு மீற்றர்தான் அவனுடைய தூரம்.
"முதல் முன்னூறு கால் ஓடும்,
கடைசி நூறு ஈரல் ஓடவேணும்" என்பானாம்.
எண்பத்திரண்டில் கொழும்பில் இரண்டாம் இடம்,
ஒரு நெஞ்சளவு வித்தியாசம்.
ஊர்ப் பேப்பரில் படம் போட்டார்கள்.
அதிலும் தலை வெட்டுப்பட்டு
நெஞ்சும் காலும் மட்டும்.

பிறகொரு முறை
ஆனையிறவில் பஸ்ஸால் இறக்கிப் பையைக் கொட்ட
ஆணிச் சப்பாத்து விழுந்தது.
இது எதற்கு?
ஓட.
எங்கே ஓட?
அதற்கு அவனிடம் பதில் இல்லை.
குறடு கொடுத்துப் பன்னிரண்டு ஆணியையும்
கழற்றச் சொல்லி
எண்ணி வாங்கிக்கொண்டான் சிப்பாய்.
அதே சப்பாத்தோடுதான் பிறகும் ஓடினான்.
மழை நாளில் ஓட்டைகள் தண்ணீர் குடித்தன.

தேசிய அணித் தெரிவுக்கு வரச்சொன்ன கடிதம்
பதினேழு நாள் பிந்தி வந்தது.
"ஓஃப்சைட்" என்றானாம்.
நாலாய் மடித்துச் சைக்கிள் சீற்றின் கீழ் செருகினான்,
கிறீச்சிடாமல் இருக்க.

எண்பத்தாறு, இறுதி ஆட்டம்.
இரண்டாம் பாதியில் ஹெலி வந்தது.
இருபத்திரண்டு பேரும் றெபறியும் புல்லில் குப்புற.
சத்தம் தள்ளிப் போக மெல்லத் தலை தூக்கினேன்.
எனக்கு நேர் முன்னால் அந்த முதுகு.
கிடந்தபடியும் ஒரு யார் முந்தி.
எழும்பி மண் தட்டி மிச்சத்தையும் விளையாடினோம்.
ஒன்றுக்குப் பூச்சியம்.
யார் அடித்ததென்று கேட்கவேண்டாம்.

தொண்ணூற்றைந்து. கிளாலியில் இரவுப் படகு.
முழங்காலில் முழங்கால் இடிக்க நெருக்கி இருந்தோம்.
எதிரே ஒருவன், மடியில் காய்ச்சலோடு சின்ன மகள்.
ஆளைத் தெரியவில்லை.
அவன்தான் கேட்டான்:
"நீ அரியாலை ரைற் பாக் எல்லே?
என்ர ஜேசியைக் கிழிச்சவன்."
முன்பல்லில் ஒரு மூலை இல்லை.
இடது புருவத்தை வெட்டிக்கொண்டு தழும்பு.
அது என் முழங்கையாம்.
சிரித்தோமா என்று ஞாபகமில்லை.
என் தண்ணிப் போத்தல்
அந்தப் பிள்ளையின் வாயில் இருந்தது ஞாபகம்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வாய்க்கதை.
புதுக்குடியிருப்பில் காணி துப்புரவாக்கிப்
பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கினான் என்றார் ஒருவர்.
இல்லை, லொறிக்கு ஐஸ் ஏற்றினான் என்றார் மற்றவர்.
மகளைப் பற்றி இருவருமே
ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

போன வியாழன்,
பெரியாஸ்பத்திரி, எலும்பு கிளினிக்.
என் துண்டில் பதினொன்று.
ஊன்றுகோலைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தவரின்
துண்டில் பன்னிரண்டு.
புருவத்தைப் பார்த்தேன்.
வாழ்நாளில் முதல்முறை
நான் அவனுக்கு முன்னால்.

"மாத்துவமே?" என்றேன்.
"உன்ர முழங்கால் பொறுக்குமோ?"
"உன்னட்டப் பழகின முழங்கால்."
துண்டை வாங்கினான்,
பாஸ் வாங்குகிற மாதிரி, என்னைப் பாராமலே.

தாதி கூப்பிட்டாள்: பதினொன்று.
எழும்பினான்.
வெள்ளைச் சேட்டு, வேர்வையில் ஒட்டிய முதுகு,
ஊன்றுகோல் ஒரு தட்டு, கால் ஒரு தட்டு.
அறை இருந்தது வலக்கைப் பக்கம்.
அவன் இடது சுவரோரமாகவே போனான்.