கழிவு போக

பாஹாவ் கடைத்தெரு, வியாழக்கிழமை, பகல் இரண்டு மணி.
மில்லில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.
கைப்பையில் மூவாயிரம் வெள்ளி,
கூட்டுக் காசு.
பதினைந்து பேர் கூட்டில்
நாலாம் மாதமே கேட்டு எடுத்ததற்கு
இருநூறு தள்ளிக்கொண்டார்கள்.
பரவாயில்லை, தள்ளியவர்கள் தெரிந்தவர்கள்.

பேங்க்கில் என் நம்பர் நூற்று நாற்பத்தேழு.
யென் கையிருப்பில் இல்லை,
சொல்லி வைத்தால் மூன்று நாள் என்றாள்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்.
நூறு யென்னுக்கு மூன்று வெள்ளி இரண்டு சென்,
அதற்கு மேல் சேவைக் கட்டணம் பத்து.
என்ன சேவை என்றேன்.
"சிஸ்டம் அப்படிக்கா."
கார்டு கொண்டு போங்களேன் என்றாள்.
ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு பர்சென்ட்,
விலை அன்றைய விலை.
அன்றைய விலை என்ன?
அன்றைக்குத்தான் தெரியும்.

அஞ்சடியில் நடந்தேன்.
கைப்பேசிக் கடைக்கும் நகைக்கடைக்கும் இடையில்
ஆள் ஒருக்களித்து நுழையும் அகலத்தில்
நைனா முகமதுவின் நாணயம் மாற்றும் கடை.
சுவரில் லைசென்ஸ், பக்கத்தில் காலண்டர்,
சிவப்பு எழுத்து ஓடும் பலகை.
யென்: வாங்க இரண்டு எழுபத்தொன்பது,
விற்க இரண்டு தொண்ணூற்றொன்று.

பதினெட்டு வருடமாக
செம்பனை மில்லின் எடைமேடையில் உட்கார்ந்திருப்பவள் நான்.
லாரி உள்ளே வரும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஓர் எடை.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பழம்.
பலகையைப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது,
நடுவில் இருக்கும் பன்னிரண்டு சென்
இவருடைய பழம்.

எண்ணி வைத்தார், ஒரு லட்சத்து மூவாயிரம்.
மீதி இரண்டு வெள்ளி எழுபது சென்.
பேங்க்கை விட நாலாயிரம் யென் கூடுதல்,
கட்டணம் கிடையாது.
எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.
"இப்பவே திருப்பிக் கொடுத்தா என்ன தருவீங்க?"
அவர் நிமிர்ந்து பார்த்தார்.
கால்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பினார்.
இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்து மூன்று, எழுபது சென்.
நூற்று இருபத்து மூன்று வெள்ளி அறுபது சென்
போயே போய்விட்டது,
நான் இன்னும் அவர் வாசலைத் தாண்டவில்லை.
"அதுலதாம்மா கரண்டு பில்லு, வாடகை, என் சோறு" என்றார்.
கோபித்துக்கொள்ளவில்லை.
ரப்பர் பேண்டு ஒன்று கூடுதலாகவே போட்டுக் கொடுத்தார்.

இரண்டு வெள்ளி எழுபதுக்கு
எதிர்க்கடையில் தே தாரிக் குடித்தேன்.
ஐம்பது சென் மிஞ்சியது.

லேப்பில் வேலை செய்யும் ரொஹானாவும் புஷ்பலீலாவும்
வாட்சப்பில் கேட்டார்கள்,
"எவ்வளவுக்கு மாத்தின?"
இரண்டு தொண்ணூற்றொன்று என்று அனுப்பினேன்.
சிரம்பானில் எண்பத்தெட்டாம்.
போகவர பஸ் காசு எவ்வளவு என்று
யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை விடிய விடிய மழை.
காலையில் முதல் லாரி பாக் டின்னுடையது.
நாலு ஏக்கர், சொந்த நிலம்,
குலையெல்லாம் நீர் சொட்டுகிறது.
ஈரத்துக்கு இரண்டு பர்சென்ட்,
காம்பு நீளத்துக்கு ஒன்று.
வழக்கம்போல் கேட்டார், ஏன் வெட்டுகிறாய்?
"சிஸ்டம் அப்படி" என்பது
நாக்கு வரைக்கும் வந்து நின்றது.
எத்தனை வருடமாக இதைச் சொல்லியிருக்கிறேன்
இந்த மனிதரிடம், அதே வாயால்.

இரண்டு பர்சென்ட்டை நான் மாற்றவில்லை.
மாற்ற எனக்கு உரிமையும் இல்லை.
ஜன்னல் வழியே சீட்டை அவர் பக்கம் திருப்பி
மொத்தம் இது, வண்டி இது, ஈரம் இது,
உங்களுக்கு வருவது இது என்று
பேனா முனையால் ஒவ்வொன்றாகக் காட்டினேன்.
பின்னால் மூன்று லாரிகள் ஹார்ன் அடித்தன.

பாக் டின் கண்ணாடி போட்டுக்கொண்டு
கடைசி வரி வரை பார்த்தார்.
கையெழுத்துப் போட்டார்.
"ஜப்பானுக்குப் போகிறாயாமே,
அங்கே செம்பனை உண்டா?"
இல்லை என்றேன்.
"அப்புறம் எதை வெட்டுவார்கள்?"
என்று சிரித்துக்கொண்டே
லாரியை நகர்த்தினார்.